கேட்டால்தான் துடக்கு

"நாளைக்கு என்ரை தம்பியைச் சாமி காவ விடாதேங்கோ."

கோயில் மடத்துக்குள் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கைமாறிக்கொண்டிருந்த வெற்றிலைத் தட்டம் நடுவழியில் நின்றது. நான் வாசற்படிக்கு வெளியே, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தேன். அம்மா என்னைத் தடுத்தது ஒன்றே ஒன்றில்தான். "ஊரிலை ஆரோடை வேணுமெண்டாலும் சண்டை பிடி. சாமி தூக்கிற தண்டிலை எங்கடை இடத்தை விடுறம் எண்டு மட்டும் உன்ரை வாயாலை வரப்படாது." அதற்கு நான் சரியென்று சொல்லவில்லை. தலையைக்கூட ஆட்டவில்லை.

கோயில் மனேச்சர் தியாகலிங்கம் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ஏன் பிள்ளை, என்ன விசயம்?"

"அவனுக்கு இதயத்திலை வருத்தம் ஐயா. பாரம் தூக்கக்கூடாது, ஓடக்கூடாது எண்டு டொக்டர் சொல்லியிருக்கிறார். வேட்டைத் திருவிழாவிலை ரெண்டும் செய்யவேணும்."

"அக்கா பட்டதாரியல்லோ," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். "அம்மாளுக்கும் டியூசன் குடுக்க வந்திருக்கிறா."

சிரித்தார்கள். கொக்குவிலில் ஒரு கல்வி நிலையத்தில் உயிரியல் படிப்பிக்கிறவள் நான். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகத்தின் படியை மிதித்த முதல் ஆள். அதற்கு ஊர் எனக்குத் தந்த மரியாதை இந்தச் சிரிப்புத்தான். பழகிவிட்டது.

"லக்ஷன்," என்று மனேச்சர் கூப்பிட்டார். "உதிலைதானே இருக்கிறாய். உனக்கு ஏலாதோடா?"

என் தம்பி தூணோடு சாய்ந்திருந்தான். விரதக்காரன், தாடி வளர்த்திருந்தான். நெற்றி நிறையத் திருநீறு. என்னைப் பார்க்காமலே சொன்னான்: "எனக்கென்ன ஐயா. நான் காவுவன்."

"அவனுக்கு ஏலாதெண்டா நான் முன்தண்டிலை நிக்கிறன்," என்றான் கிருஷாந். அவன் மனேச்சரின் தங்கை மகன். நல்ல தோள்காரன், நல்ல பிள்ளையும்கூட. ஆனால் அவன் அப்படிச் சொன்னதும் மடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அது என்ன கதை என்று எல்லோருக்கும் தெரியும்.

அம்மன் வாகனத்தின் முன்தண்டில் வலதுபக்க முதலாம் இடம் எங்களுடையது. அதை எங்களுக்கு யாரும் தூக்கித் தரவில்லை. எங்கள் ஆட்களை வெளிவீதியோடு நிறுத்தி வைத்திருந்த கோயில் இது. அப்பாவும் அவருடைய அண்ணன் இளையதம்பிப் பெரியப்பாவும் ஒரு திருவிழாவில் இரண்டு பேராகப் போய் அந்தத் தண்டில் தோளைக் கொடுத்தார்கள். அப்பாவின் முன்பல் அன்று போனது. பெரியப்பாவின் கை உடைந்து கோணலாகத்தான் பொருந்தியது. அடுத்த வருசமும் போனார்கள், அதற்கடுத்த வருசமும் போனார்கள். பிறகு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பெரியப்பா கனடாவுக்குப் போய்விட்டார். போன வருசம் அப்பாவின் முழங்கால் மடிய மறுத்தபோது அந்த இடம் தம்பியிடம் வந்தது. ஒரு வீடு தானாகக் கேட்டு இடத்தை விட்டால், அது திரும்பிவராது. அதுதான் இங்கே எழுதாத சட்டம்.

"பிள்ளை, வீட்டை போ," என்றார் மனேச்சர், கோபமில்லாமல். "போன முறை உவன்ரை மேலிலை அம்மாள் இறங்கினவ. ஊர் முழுக்கக் கண்டது. அம்மாள் தெரிஞ்செடுத்த தோளை நாங்கள் என்னண்டு வேண்டாம் எண்டு சொல்லுறது?"

போன முறை. அதை நானும் கண்டேன்.

ஆனால் அதற்கு முதல் நடந்ததை யாரும் காணவில்லை. இருபத்தொன்றாம் ஆண்டு கொரோனா எங்கள் வீட்டுக்கு வந்தது. அப்பாவுக்கு நல்ல காய்ச்சல், எனக்கு இருமல், அம்மாவுக்கு உடம்பெல்லாம் உளைவு. லக்ஷனுக்குத்தான் மிகக் குறைவு. இரண்டு நாள் மேல் சுட்டது, மணம் போனது. புளித்துப்போன மீன்குழம்பை நல்லாயிருக்கென்று விட்டுச் சாப்பிட்டான்; அதைச் சொல்லி நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம். வாசல் படலையில் ஒட்டியிருந்த தனிமைப்படுத்தல் அறிவித்தலைக் கிழித்த அன்றே அவன் கரப்பந்து விளையாடப் போய்விட்டான். உனக்கு வந்தது கொரோனாவே இல்லை, வெறும் சளித் தடிமன் என்று அப்பா பகிடி பண்ணினார்.

அந்தத் தடிமனுக்குப் பிறகு அவன் பழைய ஆளாகவில்லை. முதலில் விளையாட்டில் இரண்டாவது சுற்றோடு குந்திவிட்டான். பிறகு விளையாடவே போகவில்லை. எங்கள் நீர்வேலிக் காணியில் வாழைக்குலையைத் தோளில் வைத்து ஒழுங்கை முகப்புவரை ஒரே மூச்சில் கொண்டுவருபவன், இடையில் இறக்கி வைத்துவிட்டு, குலையில் ஏதோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நிற்பான். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிற்பான். "நெஞ்சு படபடக்குது," என்று ஒருநாள் சொன்னான். "போனை இரவிரவா நோண்டினா படபடக்கும்தான்," என்றார் அப்பா. அன்றிலிருந்து அவன் அதைச் சொல்வதை நிறுத்திக்கொண்டான். அப்பா அவனுக்குப் பெயர் வைத்தார்: பாய். பாய் எழும்பிட்டுதோ, பாய் தேத்தண்ணி குடிச்சிட்டுதோ. படுத்த படுக்கை என்று அர்த்தம். வந்தவர் போனவர் முன்னாலும் அதே பெயர்தான். நல்லூர் திருவிழாவுக்கு நடந்து போய்வர ஏலாத பொடியன் என்று மாமிமார் சொன்னார்கள். நானும் ஒருமுறை சொன்னேன், எழும்பித் திரியடா என்று. அவன் எழும்பித் திரிந்தான், அன்று பின்னேரம் கிணற்றடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

அப்படி இருந்தவன்தான் போன வருசம் தண்டில் நின்றான். நிற்காவிட்டால் இடம் போய்விடும் என்பதால் நின்றான்.

வேட்டைத் திருவிழாவில் அம்மன் மரக்குதிரையில் ஏறி வருவாள். மற்றத் திருவிழாக்கள்போல் ஆடி அசைந்து வருவதில்லை. வீதி முழுக்க ஓட்டம். தண்டுக்காரர் குதிரையை முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி ஓட, மேளம் அவர்களைத் துரத்தும். மேற்கு வீதி திரும்புமிடத்தில் லக்ஷனின் முழங்கால்கள் மடிந்தன. பக்கத்தில் நின்றவர்கள் தண்டைத் தாங்கிக்கொண்டார்கள். அவன் மண்ணில் விழுந்து கை கால் உதறினான். கண் மேலே சொருகிவிட்டது. உதடு நீலம்.

மேளகாரர் அதைப் பார்த்துவிட்டு அடியை மாற்றினார்.

சாமி வந்து உருவாடுகிறவர்களுக்கு அடிக்கும் அடி. "அரோகரா" என்று சனம் கத்தியது. "அம்மாள் வந்திட்டா, அம்மாள் வந்திட்டா!" மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினார்கள். கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். படுக்கவிட்டிருக்க வேண்டியவனைக் கக்கத்துக்குள் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். அவன் தலை அங்குமிங்கும் ஆடியது; அதையும் ஆட்டமென்றார்கள். நான் ஆட்களை இடித்துக்கொண்டு கிட்டப் போகும்போது தங்கமுத்து ஆச்சி அவன் காலில் விழுந்து கிடந்தா. கடைசிச் சண்டையில் மகனை இராணுவத்தின் கையில் ஒப்படைத்துவிட்டு இன்றுவரை தேடுகிற மனுசி. "என்ரை பிள்ளை எங்கையம்மா? என்ரை பிள்ளை எங்கை?" லக்ஷனுக்கு அப்போதுதான் கொஞ்சம் அறிவு வந்திருக்கவேண்டும். "தண்ணி," என்றான். ஆச்சி எழும்பி நின்று ஊருக்கே சொன்னா, தண்ணி கடந்து இருக்கிறானாம், உயிரோடை இருக்கிறானாம்.

என் தம்பிக்குத் தாகம். அவ்வளவுதான்.

ஆனால் மறுநாள் காலை எங்கள் படலையில் ஆட்கள் நின்றார்கள். அவன் கையால் திருநீறு வேண்டுமாம். அப்பா அவனுக்குப் புது வேட்டி வாங்கிவந்தார். பாய் என்ற பெயர் அன்றோடு ஒழிந்தது. வெள்ளிக்கிழமைகளில் ஆச்சி வருவா. அவனுக்கென்று இரண்டு கதலிப்பழம் கொண்டுவருவா, வாழைத்தோட்டக்காரன் வீட்டுக்கு.

கண் பரிசோதனை என்று பொய் சொல்லித்தான் நான் அவனை யாழ்ப்பாணத்தில் ஓர் இதய வைத்தியரிடம் கூட்டிப்போனேன். ஓடும் மெசினில் ஏற்றினார்கள். "வீதியிலை ஓடினா அம்மாள், இஞ்சை ஓடினா ஆர் வருவினம்?" என்று தாதியிடம் பகிடி விட்டுக்கொண்டுதான் ஏறினான். கொஞ்ச நேரத்தில் வைத்தியர் எழும்பி வந்து தன் கையால் மெசினை நிறுத்தினார். திரையில் கோடுகள் ஒழுங்கு கெட்டு, ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஓடிக்கொண்டிருந்தன. அவனைப் படுக்கவைத்துவிட்டு என்னோடு கதைத்தார். இதயத் தசையில் முன்பு வீக்கம் வந்து தழும்பு விழுந்திருக்கலாம். கொரோனாவாலா என்று அடித்துச் சொல்ல ஏலாது, முந்தி எடுத்த படம் ஒன்றுமில்லை. ஆனால் சொன்ன கதையைப் பார்த்தால் அதுதான் போலிருக்கிறது. லேசாக வந்துபோன பெரும்பாலான ஆட்களுக்கு ஒன்றும் நடப்பதில்லை. சிலருக்கு இப்படி. கொழும்பில் ஒரு ஸ்கான் எடுக்கவேண்டும். அதுவரை பாரம், ஓட்டம், பட்டினி மூன்றும் வேண்டாம்.

"செய்தால்?" என்று கேட்டேன்.

"போனமுறை தானா நிண்டது," என்றார். "ஒவ்வொரு முறையும் தானா நிக்குமெண்டு இல்லை."

நான் இதை வீட்டில் சொன்னேன். "நெஞ்சுக்குள்ளை அம்மாள் நிண்டா மெசின் ஒழுங்காவோ ஓடும்?" என்றார் அப்பா. அம்மா, வைத்தியர் தந்த மாத்திரையை மட்டும் எடுத்து வைப்பார். விரதம் தொடங்கியதும் லக்ஷன் அதையும் விட்டுவிட்டான். ஸ்கானுக்கு இரண்டு தரம் திகதி எடுத்துக் கொடுத்தேன். இரண்டு தரமும் போகவில்லை.

மடத்திலிருந்து திரும்பும்போது அவன் என் பின்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். ஏறி மிதிக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

"ஏனக்கா என்னை அவமானப்படுத்திறாய்?"

"உனக்கு அம்மாள் வரேல்லை. அது உனக்கே தெரியும்."

வாழைத்தோட்டத்து வேலியடியில் நின்று மூச்சு வாங்கினான். நான் பார்க்கிறேன் என்பதால் வேலியில் ஓலையொன்றைச் சரிசெய்வதுபோல் பாவனை பண்ணினான்.

"தெரியும்," என்றான் கடைசியில். "ஆனா நாலு வருசமா நான் ஏலாது ஏலாது எண்டு சொன்னன். ஒருதர் நம்பேல்லை. நீயும் நம்பேல்லை. விழுந்தாப்பிறகுதான் மனிசர் என்னைக் கண்டா எழும்பி நிக்கினம். இப்ப போய் அது வருத்தம் எண்டு சொன்னா, நான் திரும்பவும் பாய்தானே."

"செத்தாலும் பாயிலைதான்ரா கிடத்துவினம்."

"ஆச்சிக்கு நான் என்ன சொல்லுறது? உங்கடை மகன் எங்கையெண்டு எனக்குத் தெரியாது, எனக்குத் தண்ணி விடாய்ச்சதெண்டோ?"

அன்றிரவு அவன் படுக்கும் பக்கமிருந்து மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டே கிடந்தேன்.

வேட்டைத் திருவிழா அன்று காலையிலேயே அவன் முழுகிவிட்டு மடத்துக்குப் போய்விட்டான். தண்டுக்காரர் அன்று முழுக்கப் பட்டினி; தீர்த்தம் மட்டும். சாமி வீதி சுற்றித் திரும்பி இருப்புக்கு வரும்வரை வீட்டுக்கு வரமாட்டார்கள்.

மத்தியானம் கழிந்து கொஞ்ச நேரத்தில் அப்பாவின் போன் அடித்தது. கனடா. அப்பா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பார். பெரியப்பாவின் மகன் சுபாஸ்கரன் அண்ணை.

"சித்தப்பா... அப்பா மோசம் போயிட்டார். விடியப்புறம். நித்திரையிலையே..."

அம்மாவின் வாய் திறந்தது. ஒப்பாரி தொண்டைக்கு வந்துவிட்டது. அப்பா எட்டி உள்ளங்கையால் அந்த வாயைப் பொத்தினார். வாழைப்பால் கறை ஏறிய கறுத்த கை. அம்மாவின் கண் இரண்டும் அந்தக் கைக்கு மேலால் என்னைப் பார்த்தன.

"சத்தம் போடாதை," என்றார் அப்பா. "நாங்கள் இன்னும் கேக்கேல்லை."

போனில் சுபாஸ்கரன் அண்ணைக்கு உடனே விளங்கிவிட்டது. அழுகைக்கு நடுவிலும் கேட்டார். "இண்டைக்கு வேட்டைத் திருவிழாவோ, சித்தப்பா?"

"ஓம் ராசா. சாமி இருப்புக்கு வந்தாப்பிறகு ஒருக்கா எடு. அப்ப சொல்லு. அதுமட்டும் பேஸ்புக்கிலை கீஸ்புக்கிலை ஒண்டும் போடாதை. அண்ணரும் அதைத்தான் விரும்புவார்."

இது எங்கள் ஊரில் புதிதல்ல. கல்யாண வீடோ கோயில் கொடியேற்றமோ நடக்கையில் எத்தனையோ பேர் வெளிநாடுகளில் செத்து, இங்கே நாலு நாள் கழித்துத்தான் செத்திருக்கிறார்கள். செத்ததால் துடக்கு வராது, கேட்டால்தான் துடக்கு. காதில் விழுந்த நிமிசத்திலிருந்து முப்பத்தொரு நாள் கோயிலுக்குள் கால் வைக்கக்கூடாது, சாமியைத் தொடக்கூடாது. விழாதவரை நீ சுத்தம். மடத்தில் இருக்கும் என் தம்பியின் காதில் இன்னும் விழவில்லை.

அப்பா குசினிச் சுவரோடு இருந்து தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. தன்னோடு சேர்ந்து அடிவாங்கிய ஒரே மனிதனுக்காக, சத்தமில்லாமல், வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டு அழுதார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்தப் பாவம் கொஞ்ச நேரம்தான்.

"அப்பா," என்றேன். "இது நல்லதுக்குத்தான். துடக்கெண்டு சொன்னா இடம் போகாது."

அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"செல்வநாயகம் வீட்டுக்குத் துடக்கு வந்த வருசம் அவையின்ரை இடத்திலை வேற ஆள் நிண்டது. அடுத்த வருசம் அவை திரும்ப வந்து நிண்டினம். ஒருதரும் வாய் திறக்கேல்லை. பெரியப்பா செத்தும் அந்த இடத்தைக் காப்பாத்தித் தாறார். தம்பியைக் கூப்பிடுங்கோ."

"இண்டைக்கு அவன் நிக்கவேணும்."

"ஏன்?"

"ஊர் அவனைப் பாக்க வருது. உடுவிலிலை இருந்தெல்லாம் சனம் வருதாம். என்ரை மகனைப் பாக்க." நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது. "என்னை வெளிவீதியிலை இருந்து அடிச்சுக் கலைச்சவன்ரை பேரப்பிள்ளையள் என்ரை மகன்ரை காலிலை விழுகுதுகள். உனக்கு விளங்குதோடி அது?"

விளங்கியது. அதுதான் பயமாக இருந்தது. இதுவரை நான் ஓர் இடத்தோடு மல்லுக்கட்டுகிறேன் என்று நினைத்திருந்தேன். இடம் என்ற கதை எப்போதோ முடிந்துவிட்டது. அப்பாவுக்கு இப்போது வேண்டியது தண்டில் ஒரு தோள் அல்ல. மேற்கு வீதி திரும்பும் இடத்தில் தன் மகன் திரும்பவும் விழவேண்டும். விழவேண்டுமென்று தண்ணீர்க் குடத்தோடும் வேப்பிலையோடும் ஒரு ஊர் அங்கே காத்துக்கொண்டு நிற்கிறது.

"அவன் செத்துப்போவான் அப்பா."

"போன முறை செத்தவனோ?"

"ஒருக்கா நிண்டிட்டுது எண்டதுக்காக..."

"நாலு வருசம் உவன் என்ரை வீட்டிலை பிணம்போலை கிடந்தவன். அம்மாள் எழுப்பிவிட்டிருக்கிறா. நீ திரும்பவும் படுக்கவைக்கப் போறியோ?"

"ஓம். கட்டிலிலை படுக்கவைக்கப் போறன். நீங்கள் கட்டையிலை வைக்கப் பாக்கிறியள்."

அடிக்க வந்தார். முழங்கால் விடவில்லை. பாதி எழும்பிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு மூலையில் இருந்தார். அந்த வீட்டில் மூன்று பேர் சாவைக் கேட்டவர்கள். மூன்று பேரும் கேட்கவில்லை.

கோயில் பக்கம் மேளகாரர் சேர்ந்து வாசிக்கும் சமா தொடங்கியிருந்தது. சாமி எழும்பப் போகிறது.

நேற்று நான் உண்மையைக் கொண்டுபோனேன். இதயம், தழும்பு, வைத்தியர், மெசின். உயிரோடு இருக்கிற ஒருவனுக்காகப் போய்க் கேட்டேன், சிரித்தார்கள். இன்று செத்த ஒருவரைக் கொண்டுபோனால் ஒரு பயல் சிரிக்கமாட்டான். மனேச்சர் தன் கையாலேயே தம்பியைத் தண்டிலிருந்து விலக்கி, பின்வாசலால் அனுப்பி, அவன் நின்ற இடத்தில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். செத்தவனுக்கு இந்த ஊரில் ஒரு சட்டம் இருக்கிறது. சாகப்போகிறவனுக்கு இல்லை. இருக்கிற சட்டத்தைத்தானே பிடிக்கவேண்டும்.

தம்பி என்னை மன்னிக்கமாட்டான். ஆச்சி மகனைப்பற்றி ஒரு சொல்லும் கேளாமல் வேப்பிலையோடு திரும்புவா. துடக்குக் கழிய முப்பத்தொரு நாள். அதற்குள் அவனைக் கொழும்புக்கு இழுத்துக்கொண்டு போகவேண்டும், அவன் வந்தால். அடுத்த வருசம் அதே தண்டு, அதே மேற்கு வீதி. இதெல்லாம் எனக்குத் தெரியும்.

மரணச் செய்தியோடு கோயிலுக்குள் நான் போகக்கூடாது. போகவும் தேவையில்லை. வீதி மதிலுக்கு வெளியே நின்று கூப்பிட்டால் கேட்கும். எனக்குத் தொண்டை இருக்கிறது.

செருப்பை மாட்டினேன்.

"தர்சிகா," என்றார் அப்பா. சின்ன வயதுக்குப் பிறகு அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது இல்லை, எப்போதும் பிள்ளைதான். "உந்தப் படலையைத் தாண்டினியெண்டா திரும்பி இந்த வளவுக்குள்ளை கால் வைக்காதை."

"உங்களுக்கும் துடக்குத்தான் அப்பா," என்றேன். "நீங்களும் கேட்டிட்டியள்."

படலைக் கம்பியைக் கழற்றினேன். ஒழுங்கையில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மேளம் அடியை மாற்றுவதற்கு முதல் போய்ச் சேரவேண்டும். லக்ஷன், பெரியப்பா செத்திட்டார் என்று ஒருதரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன், சத்தமாக வருமா என்று. பிறகு ஓடத் தொடங்கினேன். நான் ஓடலாம்.